மாரிச்சாமி கண்ட மண்

மாரிச்சாமிக்கு அந்த மாத்திரைகளைக் கொடுத்தது நான்தான்.

தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் தெரிந்தேதான் கொடுத்தேன். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் மூளைக்குள் என்ன நடக்கும் என்பதை இந்த ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் காதால் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்டுவிட்டும் கொடுத்தேன்.

இதைப் படிக்கிற நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. ஒருநாள் என் கடையில் தலைவலி மாத்திரை வாங்கிப் போனவராகக்கூட இருக்கலாம். என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போகப் போக இன்னும் நிறையக் கிடைக்கும்.

நான் மருந்தியலில் முதுகலை முடித்தவள். மதுரையில் படித்தேன். கடைசி வருடத்து ஆய்வுக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, ஊக்க மருந்துகள் ஒன்றுக்கு மேல் சேரும்போது மூளைச் செல்களின் துடிப்பு எப்படி மாறுகிறது என்பது. எலியின் மூளையை வெங்காயத் தோல் கனத்தில் சீவி, உப்பு நீரில் மிதக்கவிட்டு, மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒரே ஒரு செல்லின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். அந்தச் செல் துடிக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் எதை நினைவூட்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டீயில் ஒரு பொருள் இருக்கிறதே, அது செய்வது சின்ன வேலைதான். 'களைத்துவிட்டாய், போதும்' என்று மூளைக்குள் சொல்ல வருகிற பொருள் உட்கார வேண்டிய இடத்தில், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, இது முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சொல்ல வந்தவர் நின்றுகொண்டே இருப்பார். களைப்பு எங்கேயும் போயிருக்காது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. புகையிலையில் இருப்பது வேறு வகை. அது செல்லின் கதவையே நேராகத் தட்டும். விழித்திருக்க வைக்கும் மாத்திரை இன்னொரு வகை. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பிய செய்தி, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். இந்த மாத்திரை அதை எடுக்கவிடாது. செய்தி அங்கேயே சுற்றிக்கொண்டு, திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும்.

தனித்தனியாக விட்டால் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சேர்த்து விட்டபோது கூட்டல் கணக்கு பொய்த்துப் போனது. முதலில் செல் வெறி பிடித்ததுபோல் துடித்தது. பிறகு... சத்தமே இல்லை. பழைய நிலைக்கு வந்துவிட்டது, அடங்கிவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது ஓய்வு எடுக்கலம்மா. துடிச்சுத் துடிச்சு, இனி துடிக்கவே முடியாத எடத்துல போய் மாட்டிக்கிட்டிருக்கு. சத்தம் நின்னா சரியாப் போச்சுன்னு நெனைக்காத."

இதைக் கேட்டு, எழுதி, மதிப்பெண் வாங்கி, பட்டமும் வாங்கியவள்தான் நான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி, ஏழாயிரம்பண்ணையில் மெடிக்கல் வைத்தேன்.

மாரிச்சாமி பட்டாசுக் கம்பெனியில் கலவை ஆள். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் அளவு பார்த்துக் கலக்கிற வேலை. அந்த வேலைக்கு எல்லாரும் போய்விட முடியாது. அவருடைய அப்பா எங்கள் வயலில் வேலை பார்த்தவர். என் அப்பாவை அவர் கூப்பிட்ட விதத்தை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாரிச்சாமி என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை அக்கா என்பார். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இரண்டு பேருக்குமே அது உறுத்தாது. பழக்கம் அப்படி.

அந்த வருடம் அதிகாரிகளின் ஆய்வு, உரிமம் என்று கம்பெனிகள் பாதி வருடம் பூட்டிக் கிடந்தன. திறந்தபோது தீபாவளி தலைக்கு மேல் வந்து நின்றது. சீசன் இப்படிக் குறுகிப் போனால் எங்கள் பக்கத்தில் முதலில் வெட்டு விழுவது தூக்கத்துக்குத்தான். வெயில் ஏறுவதற்கு முன் கலவையை முடித்தாக வேண்டும் என்பதால் மாரிச்சாமி விடியும்போதே கம்பெனியில் இருப்பார். மதியம் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, சாத்தூரில் ஒரு அச்சகத்துக்குப் பெட்டி லோடு ஏற்றப் போவார்.

ஒருநாள் கடைக்கு வந்து கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"அக்கா, உறக்கம் கண்ணச் சொருகுது. மத்த வேலைன்னா பரவால்ல. கலவ ரூம்ல தல ஒரு தடவ சாஞ்சாப் போதும், நானும் போயிருவேன், கூட நிக்கிற மச்சினனும் போயிருவான். முழிச்சிருக்க எதாச்சும் குடுங்க."

கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் என் வினை. போதைக்குக் கேட்டிருந்தால் விரட்டியிருப்பேன். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டார். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

டீயை விட்டுவிடச் சொன்னேனா? இல்லை. புகையிலையை? அதுவும் இல்லை. கம்பெனி வாசலில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி, தீப்பெட்டி எதுவும் போக முடியாது. அதனால் பீடி குடிக்கிறவர்கள்கூட எங்கள் பக்கத்தில் புகையிலைக்கு மாறிவிடுவார்கள். மாரிச்சாமியின் கீழுதட்டுக்குள் பகல் முழுக்க ஒரு உருண்டை இருக்கும். அது எனக்குத் தெரியும். அவர் பேசும்போதே தெரியும். கலவைத் தூசி மூக்கை அடைக்கிறது என்று அடுத்த வாரம் வந்தபோது, மூக்கடைப்பு மாத்திரையையும் அதே கவரில் போட்டுக் கொடுத்தேன். அதுவும் உடம்பை முடுக்குகிற வகைதான். அதுவும் தெரியும்!

பிறகு அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனி போர்மேன் பால்பாண்டி அண்ணாச்சி கலவை ஆட்களை உள்ளே விடுவதற்கு முன் கையை நீட்டச் சொல்வார். வெடிக்குச் சுற்றி வைத்த வெறும் காகிதக் குழல் ஒன்றைப் புறங்கையில் நிமிர்த்தி வைப்பார். அவர் போதும் என்று சொல்லும்வரை குழல் நிற்க வேண்டும். விழுந்தால் அன்று கலவை கிடையாது. குடித்தவன், காய்ச்சல்காரன், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன்... எல்லாரையும் அந்தக் குழல் காட்டிக் கொடுத்துவிடும். சட்டத்தில் எழுதாத சோதனை. ஆனால் அதைத் தாண்டி யாரும் உள்ளே போனதில்லை.

மாரிச்சாமிக்குக் குழல் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. காய வைத்த சரக்கை அள்ளுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"எனக்குச் சீக்குன்னு நெனைக்காக அக்கா. கலவ ஆளு கையி நடுங்குதுன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா அம்புட்டுத்தான். இந்தக் கையி நிக்க மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

அந்த நிமிடத்தை நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். நடுக்கம் என்பது மூளை போட்ட கூப்பாடு. அதைக் கேட்டுத்தான் குழல் விழுந்தது. 'எல்லாவற்றையும் நிறுத்துங்கள், இரண்டு நாள் உறங்குங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பரீட்சையில் விடை தெரிந்த கேள்வி வந்ததும் ஒரு துள்ளல் வருமே, அதுதான் வந்தது. படபடப்பைக் குறைக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது. நெஞ்சின் ஓட்டத்தையும் விரலின் நடுக்கத்தையும் அது பிடித்து நிறுத்தும். தலைக்குள் நடப்பதை அவ்வளவாகத் தொடாது. மேடை ஏறப் பயப்படுகிறவர்கள்கூடப் போட்டுக்கொள்வார்கள்.

எடுத்துக் கொடுத்தேன். எப்போது போட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி!

மறுநாள் மத்தியானம் மாரிச்சாமி சிரித்துக்கொண்டே வந்தார். குழல் நின்றதாம். அண்ணாச்சியே 'போதும்டா, எடு' என்று அலுத்துக்கொள்ளும்வரை நின்றதாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்... நன்றாகவே பெருமையாக இருந்தது. படித்த படிப்பு ஊருக்கு உதவுகிறது என்று அன்று சாப்பிடும்போது அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அடுத்த நாட்களில் மாரிச்சாமி நிறையப் பேச ஆரம்பித்தார். வழக்கமாக வாங்க வந்ததை வாங்கிவிட்டுப் போகிற மனிதர், நின்று நின்று பேசினார். ஒரு பேச்சு முடிவதற்குள் இன்னொன்று. கண் அகலமாக, ஈரமில்லாமல் இருந்தது. பேசிக்கொண்டே என் கவுண்டர் கண்ணாடியைக் கையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு சட்டைக் கையிலிருந்து எதையோ நகத்தால் எடுத்து, விரல் நுனியில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"பாத்தீகளா அக்கா, மண்ணு. எங்கன இருந்துதான் வருதோ."

விரலில் ஒன்றும் இல்லை.

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை.  மூளைக்குள் அந்தச் செய்திப் பொருள் அளவுக்கு மேல் தேங்கினால், எதைப் பார்த்தாலும் அதில் ஒரு அர்த்தம் இருப்பதுபோல் தோன்றும் என்று படித்திருக்கிறேன். தூசியில் அர்த்தம். பக்கத்தில் நிற்கிறவன் இருமினால் அதில் ஒரு அர்த்தம். எந்தப் பயம் ஏற்கனவே மனசுக்குள் குடியிருக்கிறதோ, அது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். கலவை ஆளுக்கு என்ன பயம் இருக்கும்?

மண். ஒரே பயம் அதுதான். கலவைக்குள் நான்கு மணல் துகள் விழுந்தால் போதும், சலிக்கும்போது உரசிப் பற்றிக்கொள்ளும். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவி, தரையில் ரப்பர் விரிப்புப் போட்டு, அதை ஈரத்துணியால் துடைத்து... அவர்களுடைய வாழ்க்கை முழுக்க மண்ணை வெளியே நிறுத்துகிற பாடுதான்.

"காத்தடிக்குதுல்ல, பறந்து வந்திருக்கும்" என்றேன். மரியாதைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால், 'உங்கள் விரலில் ஒன்றும் இல்லை' என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இன்னொரு அட்டை மாத்திரையையும் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வாரக் கடைசியில் நடந்ததை எனக்குப் பால்பாண்டி அண்ணாச்சிதான் சொன்னார். சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர், மனசு தாங்காமல் சொன்னார்.

கலவை அறைக்குள் இரண்டு பேர்தான் போவார்கள். உயிரை நம்பிக் கொடுக்கிற இடம் என்பதால் பெரும்பாலும் சொந்தக்காரர்களாகத்தான் சேர்ந்து போவார்கள். மாரிச்சாமியோடு போவது செல்வம். மாரிச்சாமியின் மனைவி பேச்சியம்மாளுக்கு உடன்பிறந்த தம்பி. அன்று காலை பாதிக் கலவையில் மாரிச்சாமி சத்தம் போட்டாராம். கலவைக்குள் மண் கிடக்கிறது, செல்வம்தான் போட்டான், என்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று. பக்கத்து அறைகளில் இருந்த பெண்கள் எல்லாம் வெளியே ஓடியிருக்கிறார்கள். மாரிச்சாமியே கலவையில் தண்ணீரை ஊற்றி, வெளியே கொண்டுபோய்க் குழியில் கொட்டிவிட்டார்.

"மண்ணு இருந்துச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"குழியில கொட்டுனப்புறம் என்னத்தப் பாக்க? அங்கன கெடக்கது பூராம் மண்ணுதான்" என்றார். "செல்வம் சத்தியம் பண்ணுதான். அழுவுதான். ஆனா பாப்பா, போன வாரந்தான் அவன் எங்கிட்ட வந்து, மச்சான் கூட நிக்க முடியல, வேற ஆளு கூட மாத்தி விடுங்கன்னு கேட்டான். என்னமோ மனசுல வச்சிருந்திருக்கான்ல?"

"மாரிச்சாமிக்கு உடம்பு எதும் சரியில்லாம..."

"அதெல்லாம் இல்ல. அன்னைக்குக் காலையில நான்தான குழல வச்சேன். கல்லு மாதிரி நின்னுச்சு. நெதானம் தப்புனவன் கையா அது? அந்தக் கைய வச்சுத்தான் மொதலாளி அவன் சொன்னத நம்புனாரு. நானும் நம்புனேன்."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நான் ஒரு மனிதருக்கு இல்லாததைக் காட்டினேன். அதோடு விட்டிருந்தால் ஊரே சேர்ந்து, 'ஏலே, ஒனக்கு உறக்கமில்ல, போய்ப் படு' என்று சொல்லியிருக்கும். அந்தக் கை நடுங்கியிருந்தால் செல்வம் தப்பித்திருப்பான். ஆனால் அந்தக் கையை நிற்க வைத்ததும் நான்தான். பொய்யையும் உண்டாக்கி, அதற்குச் சாட்சியையும் உண்டாக்கிக் கொடுத்தேன்.

அண்ணாச்சியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சர்க்கரை மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

செல்வத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கலவையில் மண் போட்டவன் என்ற பேர் எங்கள் பக்கத்தில் கொலைகாரன் என்ற பேரைவிடக் கெட்டது. கொலைகாரன் ஒருவனைக் கொன்றிருப்பான். இவன் உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் கொல்லத் துணிந்தவன். சாத்தூர் வரை எந்தக் கம்பெனியிலும் அவனை வாசலுக்குள் விடவில்லை. தீக்குச்சிக் கம்பெனியில்கூட எடுக்கவில்லை. போலீஸுக்குப் போகாமல் இருந்ததே மாரிச்சாமியின் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். பேச்சியம்மாள் தம்பி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்றாகிவிட்டது.

நான் மாரிச்சாமிக்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்தினேன். அதற்குள் தீபாவளியும் வந்துவிட்டது. கம்பெனி மூடியதும் அவர் படுத்தவர்தான், சாப்பிட மட்டும் எழுந்து, பிறகு உறங்கி, அப்படியே நாட்கள் போனதாகப் பேச்சியம்மாள் சொன்னாள். தேறி வந்தபோது பழைய மாரிச்சாமியாக இருந்தார். அளவான பேச்சு, அடங்கின கண். மண் மட்டும் போகவில்லை. அன்று கண்ட மண் அவருக்கு நிஜமாகவே பார்த்த மண்ணாக நின்றுவிட்டது. செல்கள் பழைய துடிப்புக்குத் திரும்பிவிட்டன. அவை எழுதிவிட்டுப் போனதை யார் அழிப்பது?

நீங்கள் கேட்பீர்கள், அப்போதாவது சொன்னால் என்ன என்று. நானும் கேட்டுக்கொண்டேன். சொன்னால் கடை உரிமம் போகும். அது உண்மை. ஆனால் அதை நான் எனக்கு நானே ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. 'இப்போது சொன்னால் மாரிச்சாமிதான் உடைந்துபோவார், தன் மச்சினன் வாழ்க்கையைத் தானே கெடுத்தோம் என்று தெரிந்தால் அந்த மனிதர் தாங்குவாரா' என்றுதான் சொல்லிக்கொண்டேன். என் பயத்துக்குக் கருணை என்று ஒரு நல்ல சட்டையை மாட்டி விட்டேன். அளவும் கச்சிதமாக இருந்தது.

அடுத்த வருடம் மாரிச்சாமியின் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள்.

அதற்கு முன் ஒருநாள் வெயில் நேரத்தில் செல்வம் என் கடைக்கு வந்தான். ஆளே பாதியாகியிருந்தான். கோவில்பட்டிப் பக்கம் ஏதோ கட்டட வேலைக்குப் போவதாகச் சொன்னான். கடையில் யாரும் இல்லை. ஆனாலும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசினான்.

"அக்கா, நீங்க படிச்சவுக. ஒண்ணு கேக்கணும். ராவும் பகலும் உறங்காத மனுசனுக்கு, இல்லாத மண்ணு இருக்க மாதிரி தெரியுமா?"

நான் கவுண்டரில் கிடந்த அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"மச்சான் அப்ப உறங்கவே இல்ல. மாத்தர வேற போட்டாரு. எந்த மாத்தரன்னு எனக்குத் தெரியாது. நான் அவர கொற சொல்லல. அவருக்குத் தெரிஞ்சத அவரு சொன்னாரு. எக்கா மக சடங்குக்கு நான்தான தாய்மாமன்... குடிச கட்டணும், மொதத் தண்ணி ஊத்தணும், சீரு கொண்டு போவணும். வேற எவனோ செய்யப் போறான். நான் சொன்னா ஆரு நம்புவா? நீங்க ஒரு வார்த்த, இப்படியும் நடக்கும்னு சொன்னீகன்னா மச்சான் கேப்பாரு. ஒங்க மேல அவருக்கு அம்புட்டு நம்பிக்க."

அவன் என்னைச் சந்தேகப்பட்டு வரவில்லை. மாத்திரை எங்கே வாங்கியது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்து வந்து, சட்டையைப் பிடிப்பதுபோல் கேட்டிருந்தால்கூட நான் உடைந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் என் படிப்பை நம்பி வந்தான். 'நடக்கும்' என்று ஒரு சொல் போதும். நான் கொடுத்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக, பாடம் சொல்வதுபோலச் சொன்னால் போதும். ஆனால் நடக்கும் என்றால் மாரிச்சாமி கேட்பார். எதனால் நடக்கும் என்று கேட்பார். எந்த மாத்திரை என்று கேட்பார்...

"அப்படியெல்லாம் தெரியாது செல்வம்" என்றேன். "ஒறக்கம் இல்லேன்னா தலவலி வரும், கோவம் வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியாது."

 அவன் தலையை ஆட்டினான்.

"சரிக்கா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

போகும்போது கொஞ்சம் தயங்கி, "அப்ப மண்ணு நெசமாத்தான் இருந்திருக்குமோ. ஏங் காலுல ஒட்டி வந்திருக்குமோ என்னமோ" என்றான்.

வாசகரே, கேட்டீர்களா? அவனையே அவன் சந்தேகப்பட வைத்து அனுப்பினேன். அவனிடம் மிச்சமிருந்தது அவனுடைய நிச்சயம் ஒன்றுதான். அதையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் கொடுத்த மாத்திரைகளுக்குக்கூட ஏதாவது காரணம் சொல்லலாம். நல்லதுக்குத்தான் கொடுத்தேன், அவசரத்தில் கொடுத்தேன், கெட்டிக்காரத்தனத்தில் கொடுத்தேன். இதற்கு என்ன சொல்ல? இதைச் சொன்னபோது எனக்கு அவசரம் ஏதும் இல்லை.

சடங்குக்குப் போனேன். மாரிச்சாமி நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனார், போகாமல் இருக்க முடியுமா? பந்தலில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பேச்சியம்மாளின் பெரியப்பா மகன் ஒருவரைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்தி, அவர் கையால் மாலை போட வைத்தார்கள். அந்த மனிதருக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றே தெரியவில்லை. பிள்ளை தலையைக் குனிந்தே இருந்தது. பேச்சியம்மாள் பந்திக்கு ஓடி ஓடிப் பரிமாறினாள். என் இலையில் கேசரி வைத்தபோது அவள் கண் சிவந்திருந்தது. "அடுப்புப் புகை" என்றாள், நான் கேட்காமலேயே. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாப்பிடாமல் எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள் இல்லையா.

எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறேன். ஒருமுறை மாரிச்சாமி வீட்டுத் தெரு வரைக்கும் போனேன். பேச்சியம்மாள் குழாயடியில் நின்றாள். 'வாங்க, சாப்பிட்டீகளா' என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்படியே நடந்து அடுத்த தெரு வழியாகத் திரும்பினேன். மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்த பேச்சு, அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

ஆலோசனை கேட்க யாரும் இல்லாமல் இல்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. நீங்களும் அதையேதான் சொல்வீர்கள். எழுதுவது இந்த வகையில் சௌகரியமாக இருக்கிறது. நீங்கள் சொல்வது எனக்குக் கேட்காது.

இன்று ஏன் எழுதுகிறேன் என்றால், இன்று காலை மாரிச்சாமி வந்தார்.

மறுபடியும் சீசன். இந்த வருடமும் கம்பெனி தாமதமாகத்தான் திறந்திருக்கிறது. கடையில் மூன்று நான்கு பேர் நின்றார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி நின்று, முறை வந்ததும் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அன்னைக்குக் குடுத்தீகள்ல, அந்த மாத்தர, கைக்கு உள்ளதும் சேத்து. அது வேணும்."

"அதெல்லாம் எதுக்கு? உடம்புக்கு ஆகாது" என்றேன்.

"ஆகாதுன்னு நீங்க சொல்லாதீக. அது இல்லேன்னா அன்னைக்கு நான் அசந்திருப்பேன். அந்த மண்ணு ஏங் கண்ணுல பட்டிருக்காது. அம்புட்டுச் சனமும் போயிருக்கும். எம் பொண்டாட்டிகிட்ட இப்பவும் சொல்லுவேன், அக்காதான் நம்மளக் காப்பாத்துனாகன்னு."

 ஏதாவது பேச வேண்டுமே என்று, "இந்த வருசம் கலவைக்கு ஒங்க கூட யாரு?" என்று கேட்டேன்.

"எம் மூத்தவன்தான். சூலக்கரைப் பக்கம் காலேஜுல படிச்சிட்டிருந்தான்ல, நிப்பாட்டிட்டேன். மச்சினனே அப்படிச் செஞ்சப்புறம் வெளியாள எப்படி நம்ப? பெத்த பிள்ளன்னா பயமில்ல பாருங்க."

அவர் சிரித்தார். பெருமைச் சிரிப்புதான்.

சொல்ல வேண்டியது எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. மண் இல்லை மாரிச்சாமி, அன்றைக்கு மண்ணே இல்லை, உங்கள் பிள்ளையைத் திரும்பப் படிக்க அனுப்புங்கள், செல்வத்தைக் கூப்பிடுங்கள்...

"ஸ்டாக் இல்லை" என்றேன்.

"பரவால்லக்கா. சாத்தூர்ல கேட்டுப் பாக்கேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். வாசலில் அவர் மகன் வண்டியோடு நின்றிருந்தான். அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். அவர்கள் தெருமுனை ஓடைப் பாலம் தாண்டுகிற வரை எனக்கு நேரம் இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

அடுத்து நின்ற அம்மாளிடம், என்ன வேண்டும் என்று கேட்டேன்.